மூன்று பலகை, ஐந்து வெட்டு: டேபிள் சா (மேசை ரம்பம்) மெஷினுக்கு நாமே ஒரு ஸ்லெட் செய்வது எப்படி?

ஒரு படச்சட்டம் செய்ய எட்டு வெட்டு வேண்டும். நான்கு சட்டம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, எல்லாமே 45 டிகிரி. ஒவ்வொரு வெட்டும் ஒரே பக்கமாக அரை டிகிரி விலகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டைத் தனியாகக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. மூன்று மூலைகளை இறுக்கி ஒட்டிவிட்டு நான்காவது மூலைக்கு வரும்போதுதான், எட்டு அரை டிகிரியும் சேர்ந்து 4 டிகிரியாக வாய் பிளந்து நிற்கும். சட்டத்தின் அகலம் 50 மி.மீ. என்றால் அந்த இடைவெளி கிட்டத்தட்ட 5 மி.மீ. பட்டி வைத்து மறைக்கிற சமாச்சாரம் இல்லை அது.

புதிதாக மரவேலைக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்ததும் மெஷின் சரியில்லை, இன்னும் விலை கூடிய மெஷின் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் தேவைப்படுவது மெஷின் இல்லை, ஒரு ஜிக். மரத்தை ஒரே கோணத்தில், ஒரே இடத்தில், கை நடுங்காமல் பிளேடுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற துணைக் கருவிக்குத்தான் ஜிக் என்று பெயர். கோணத்தை ஒவ்வொரு வெட்டுக்கும் புதிதாக அளந்து வைக்காமல், ஒரே ஒரு முறை நிதானமாக உட்கார்ந்து சரிசெய்து ஜிக்கிலேயே பூட்டி வைத்துவிடுகிறோம். அப்புறம் வெட்டுவது நூறு துண்டானாலும் அதே கோணம்தான்.

டேபிள் சா மெஷினுக்கு நூற்றுக்கணக்கான ஜிக் உண்டு. முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குறுக்கு வெட்டு ஸ்லெட், அதாவது மரத்தைத் தன் மேல் சுமந்துகொண்டு பிளேடை நோக்கிச் சறுக்கி ஓடும் பலகை. இதை நன்றாகச் செய்துவிட்டால் மற்ற ஜிக்குகளை இதை வைத்தே துல்லியமாகச் செய்துகொள்ளலாம். அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி ஸ்லெட்டைப் பற்றித்தான்.

மெஷினில் நாம் நம்பக்கூடியவை இரண்டு

டேபிள் சா என்பது ஒரு மேசை, அதன் நடுவே கீழிருந்து எட்டிப் பார்க்கும் வட்ட ரம்பம். மரத்தை வழிநடத்த அதில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கும். ஒன்று, பிளேடுக்குப் பக்கவாட்டில் நகர்த்திப் பூட்டக்கூடிய ரிப் ஃபென்ஸ். பலகையை இழையின் போக்கில் நெடுக அறுக்க இது. இன்னொன்று, மேசையின் மேல் பிளேடுக்கு இணையாக ஓடும் காடி, அதாவது நீளப் பள்ளம். அமெரிக்க அளவில் வரும் மெஷின்களில் இதன் அகலம் 3/4 அங்குலம், ஆழம் 3/8 அங்குலம். மெஷினோடு தருகிற மைட்டர் கேஜ் (மரத்தை வேண்டிய கோணத்தில் அணைத்துத் தள்ளும் கருவி) இந்தக் காடியில்தான் ஓடும்.

மைட்டர் கேஜ் இருக்கும்போது ஸ்லெட் எதற்கு? கேஜின் முகம் சிறியது, ஒற்றைக் காடியில் ஓடுவதால் லேசாக ஆடும். அதைவிட முக்கியமான காரணம், மரம் மேசையின் மேல் உராய்ந்துகொண்டே போகிறது. நீளமான துண்டாக இருந்தால் அந்த உராய்வே அதைத் திருப்பிவிடும். ஸ்லெட்டில் மரம் நகர்வதே இல்லை. தண்டவாளத்தில் வண்டி போவதுபோல ஸ்லெட் இரண்டு காடிகளிலும் ஓடுகிறது, மரம் அதன் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இதைக் கைப்பிடிப்பிலேயே தள்ளி அறுத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல்லின் நுனி மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நம் பக்கம் இருக்கும் பற்கள் மரத்தைக் கீழே அழுத்தி வெட்டுகின்றன, அதனால் ஆபத்து குறைவு. அந்தப் பக்கம் இருக்கும் பற்கள் மேசைக்குள்ளிருந்து மேலே எழுந்து வருகின்றன. மரம் சற்றுத் திரும்பி அந்தப் பற்களில் பட்டுவிட்டால், அவை அதைத் தூக்கி நம்மை நோக்கி எறிந்துவிடும். கிக்பேக் என்பது இதுதான். ரிப் ஃபென்ஸும் மைட்டர் கேஜும் ஒரே வெட்டில் சேர்ந்து வேண்டவே வேண்டாம் என்று பழகியவர்கள் அடித்துச் சொல்வதும் இதனால்தான். வெட்டுப்பட்ட துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு திரும்பும், பின்பற்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ரிவிங் நைஃப் என்ற தகடு வைத்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பட்டறையில் செய்து வாங்கிய மெஷினில் அது இல்லையென்றால் முதல் செலவு அதற்குத்தான் ஆக வேண்டும், ஸ்லெட் எல்லாம் அப்புறம்.

ஸ்லெட் செய்யத் தொடங்கும் முன் ஒரு சோதனை. பிளேடு காடிக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல் நம் பக்கம் இருக்கும்போது காடியின் விளிம்பிலிருந்து அதன் தூரத்தை அளந்து, பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லை அந்தப் பக்கம் கொண்டுபோய் மறுபடி அளக்க வேண்டும். ஒரே பல்லை அளப்பது முக்கியம். பிளேடில் லேசான நெளிவு இருந்தால் வெவ்வேறு பற்கள் வெவ்வேறு கதை சொல்லும். இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை என்றால், மேசையையோ மோட்டார் தொங்கும் அமைப்பையோ பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தித் திருத்திக்கொள்ளலாம்.

இரும்புத் தகட்டு மேசை, காடியே இல்லை என்கிறீர்களா? மேசையின் பக்க விளிம்பு நேராகவும் பிளேடுக்கு இணையாகவும் இருந்தால், ஸ்லெட்டின் ஓட்டப் பட்டைகளை அந்த விளிம்புகளை வெளியிலிருந்து அணைத்துக்கொண்டு ஓடும்படி அமைக்கலாம்.

செய்முறை

அடித்தளத்துக்கு 12 மி.மீ. பிளைவுட் போதும். 700 மி.மீ. அகலம், 500 மி.மீ. நீளம் என்பது வீட்டுப் பட்டறைக்குக் கச்சிதமான அளவு. வாங்கும்போதே கடையில் தரையில் வைத்துப் பாருங்கள், நெளிந்த பலகையை எந்த வித்தையாலும் நிமிர்த்த முடியாது. இந்த 12 மி.மீ. நம் வெட்டு ஆழத்திலிருந்து கழிந்துவிடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டப் பட்டைகளுக்கு நன்றாகக் காய்ந்த தேக்கு அருமையாக இருக்கும். ஈரப்பதம் மாறினாலும் அதிகம் ஊதிச் சுருங்காத மரம் அது. காடிக்குள் பட்டை எந்தப் பக்கமும் ஆடக் கூடாது, ஆனால் ஒரு விரலால் தள்ளினால் ஓட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவிலான இடம் மிகச் சிறியது, அதனால் கொஞ்சம் பெரிதாகவே அறுத்துக்கொண்டு இழைப்புளியால் ஒரு சீவல், ஒரு சோதனை என்று இறங்கி வாருங்கள். எங்கே பிடிக்கிறது என்று தெரியவில்லையா? பட்டையின் பக்கங்களில் பென்சிலால் நன்றாகத் தேய்த்துவிட்டு காடியில் நாலு முறை ஓட்டுங்கள். உரசுகிற இடத்தில் மட்டும் பென்சில் கரி பளபளவென்று மெருகேறியிருக்கும். அங்கே மட்டும் சுரண்டினால் போதும்.

பட்டையை அடித்தளத்தில் ஒட்டுவதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. காடிக்குள் சில நாணயங்களைப் போட்டு, அதன் மேல் பட்டையை வையுங்கள். பட்டையின் மேல்முகம் மேசை மட்டத்திலிருந்து அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் எழுந்து நிற்கும். அதன் மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாக சூப்பர் க்ளூ வைத்து, அடித்தளப் பலகையின் ஒரு விளிம்பை ரிப் ஃபென்ஸில் அணைத்தபடி அப்படியே இறக்கி, மேலே ஏதாவது பாரம் ஏற்றிவிடுங்கள். பசை பிடித்ததும் தூக்கித் திருப்பி ஸ்க்ரூ போட்டுவிடலாம். காடியே பட்டைக்கு இடம் காட்டிவிடுகிறது, நாம் அளக்க வேண்டிய வேலையே இல்லை. ஸ்க்ரூவுக்கு முன்கூட்டியே துளை போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஸ்க்ரூ இறங்கும்போது பட்டை பக்கவாட்டில் உப்பிக்கொள்ளும்.

இனி ஸ்லெட்டின் மேல் குறுக்கே நிற்கும் இரண்டு ஃபென்ஸ் (தடுப்புப் பலகை). அந்தப் பக்கம் இருப்பது பலகை இரண்டாகப் பிளந்துவிடாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே, அது சற்றுக் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. நம் பக்கம் இருப்பதுதான் உயிர், மரம் சாய்ந்து நிற்பது அதில்தான். 18 மி.மீ. பிளைவுட்டை இரண்டடுக்காக ஒட்டிச் செய்யுங்கள். பிளேடு கடக்கும் நடுப்பகுதியில் ஃபென்ஸின் உயரம், பிளேடு எழக்கூடிய அதிகபட்ச உயரத்தைவிட ஓர் அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும்.

அந்தப் பக்க ஃபென்ஸை ஒட்டி முடித்ததும், பிளேடை உயர்த்தி ஸ்லெட்டைத் தள்ளி, நம் பக்க விளிம்புக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். மெஷினை அணைத்து பிளேடு முழுக்க நின்ற பிறகுதான் ஸ்லெட்டைப் பின்னால் இழுக்க வேண்டும். இப்போது பலகையில் விழுந்திருக்கும் கோடுதான் நம் ஆதாரக் கோடு. மூலைமட்டத்தை அதில் அணைத்து நம் பக்க ஃபென்ஸை வைத்து, இரண்டு முனையிலும் கீழிருந்து ஒவ்வொரு ஸ்க்ரூ மட்டும் போடுங்கள். பசை வேண்டாம், ஏனென்றால் இந்த ஃபென்ஸ் இன்னும் நகர வேண்டியிருக்கும்.

மூன்று பேராகச் செய்தால் கிடைக்கும் ஒரு லாபம்

நம் பக்க ஃபென்ஸை ஸ்லெட்டில் பொருத்தும் முன்பே அது நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வளைந்த ஃபென்ஸில் கோணம் பார்ப்பதற்கு அர்த்தமே இல்லை. அது நேர்தானா என்று எதை வைத்துப் பார்ப்பது? கடையில் வாங்கிய இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்க்கலாம்தான், ஆனால் அந்த ஸ்கேல் நேர் என்பதற்கு யார் சாட்சி?

இங்கேதான் ஸ்லெட்டைத் தனியாகச் செய்யாமல் இரண்டு மரவேலை நண்பர்களைக் கூப்பிட்டுக்கொண்டு செய்யச் சொல்கிறேன். ஒரே நாளில் மூன்று பேர் மூன்று ஸ்லெட் செய்தால் கையில் மூன்று ஃபென்ஸ் இருக்கும். முதலாவதையும் இரண்டாவதையும் முகத்தோடு முகம் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சக் கோடு தெரியவில்லை என்றால் இரண்டும் பொருந்துகின்றன. ஆனால் அது மட்டும் போதாது. ஒன்று உப்பியும் இன்னொன்று அதே அளவு குழிந்தும் இருந்தால்கூடப் பொருந்தத்தான் செய்யும். அதனால் மூன்றாவதை எடுத்து முதலாவதோடு ஒரு முறை, இரண்டாவதோடு ஒரு முறை சேர்த்துப் பாருங்கள். முதலாவது உப்பியிருந்தால் அதனோடு பொருந்த மூன்றாவது குழிந்திருக்க வேண்டும். இரண்டாவதும் குழிவு, மூன்றாவதும் குழிவு என்றால் அவை இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவே முடியாது, நடுவில் வெளிச்சம் வந்துவிடும். மூன்று ஜோடியும், ஒன்றை முனை மாற்றி வைத்தாலும்கூட, பொருந்துகின்றனவா, மூன்று பலகையும் நேர் என்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

எந்த அளவுகோலும் இல்லாமல் நேரான விளிம்பு மூன்று கிடைத்துவிட்டது! எனக்கு மரவேலையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது. இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840-ல் எடுத்துச் சொன்னதும் இதே தத்துவம்தான். அவர் மூன்று இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டிச் சுரண்டி உண்மையான சமதளத்தை உண்டாக்கினார். இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களே அந்தத் தட்டைத்தன்மையின் மேல்தான் வளர்ந்தன. இரண்டு பேரால் இது முடியாது, மூன்றாவது ஆள் வந்தே ஆக வேண்டும்.

சேர்ந்து செய்வதில் சின்னச் சின்ன வசதிகளும் உண்டு. ஒருவரிடம் தடிமனைத் துல்லியமாக அளக்கும் காலிப்பர் இருக்கும், இன்னொருவரிடம் நீள கிளாம்ப் இருக்கும். ஒரு முழு பிளைவுட் ஷீட்டை மூவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் ஓட்டப் பட்டைகளை மட்டும் மொத்தமாகச் செய்து பிரித்துக்கொள்ள வேண்டாம். ஒரே கம்பெனி மெஷினாக இருந்தாலும் காடி அகலம் இம்மி அளவு வேறுபடும், அவரவர் மெஷினில் வைத்துத்தான் இழைக்க வேண்டும்.

ஐந்து வெட்டு

ஃபென்ஸ் நேர் என்றாகிவிட்டது. பிளேடுக்குச் சரியாக 90 டிகிரியில் நிற்கிறதா? மூலைமட்டம் வைத்துத்தானே பொருத்தினோம் என்றால், அது முதல் கணிப்பு மட்டுமே. மூலைமட்டத்தின் பிழை நம் ஸ்லெட்டிலும் இருக்கும். படச்சட்டத்தில் பிழைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நம்மைத் தொல்லைப்படுத்தின அல்லவா, அதே குணத்தை இங்கே நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம்.

சுமார் 430 மி.மீ. சதுரமான பிளைவுட் துண்டு ஒன்றை எடுத்து நான்கு பக்கங்களுக்கும் 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். பிளேடுக்கு இடப்பக்கம் துண்டை வைத்து, முதல் பக்கத்தில் மெல்லிய சீவலாக ஒரு வெட்டு. துண்டைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பி, இப்போது அறுத்த பக்கத்தை ஃபென்ஸில் அணைத்து இரண்டாவது வெட்டு. அப்படியே மூன்று, நான்கு. ஐந்தாவதாக, முதல் பக்கம் மறுபடி பிளேடுக்கு வரும். இந்த முறை சீவலாக எடுக்காமல் 25 மி.மீ. அகலப் பட்டையாக அறுத்தெடுங்கள். அறுப்பதற்கு முன்பே அந்தப் பட்டையில் நம் பக்க முனைக்கு 'ந' என்றும், எதிர் முனைக்கு 'எ' என்றும் எழுதிவிடுங்கள். அறுத்த பிறகு எது எந்த முனை என்று குழப்பம் வரும்.

ஒவ்வொரு முறை திருப்பும்போதும் முந்தைய வெட்டின் கோணப் பிழை அடுத்ததோடு சேர்கிறது. கடைசிப் பட்டையின் இரு முனைகளுக்கும் உள்ள அகல வேறுபாட்டில் பிழை நான்கு மடங்காகத் தெரியும். சாதாரணக் காலிப்பரில் பிடிபடாத விலகல் இப்போது பிடிபட்டுவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 'ந' முனை 25.60 மி.மீ., 'எ' முனை 25.20 மி.மீ. என்று வருகிறது. வேறுபாடு 0.40. நான்கால் வகுத்தால் 0.10. பட்டையின் நீளம் 400 மி.மீ. என்றால், 400 மி.மீ. தூரத்துக்கு நம் ஃபென்ஸ் 0.10 மி.மீ. விலகியிருக்கிறது. ஃபென்ஸின் இரண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவே தூரம் 600 மி.மீ. இருந்தால், ஒரு முனையை 0.15 மி.மீ. நகர்த்த வேண்டும்.

எந்தத் திசையில்? 'ந' முனை அகலமாக இருந்தால் ஃபென்ஸின் இட முனை நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று பொருள், அதை எதிர்ப் பக்கமாகத் தள்ள வேண்டும். 'எ' முனை அகலமாக இருந்தால் நம் பக்கமாக இழுக்க வேண்டும்.

0.15 மி.மீ. நகர்த்த ஃபீலர் கேஜ் வேண்டும். மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருப்பார்களே, அந்த மெல்லிய தகட்டுக் கட்டுதான். வல முனை ஸ்க்ரூவை அப்படியே விட்டுவிடுங்கள், அதை மையமாக வைத்துத்தான் ஃபென்ஸ் திரும்பப் போகிறது. இட முனையில், ஃபென்ஸின் நம் பக்க முகத்தை ஒட்டி ஒரு மரக்கட்டையை வைத்து ஸ்லெட்டோடு கிளாம்ப் போடுங்கள். இட ஸ்க்ரூவைக் கழற்றி, கட்டைக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் 0.15 மி.மீ. தகட்டைச் செருகி, ஃபென்ஸை அதன் மேல் அழுத்திப் பிடித்து ஸ்க்ரூ போடுங்கள். பழைய துளையில் போடாதீர்கள், அந்தத் துளை ஃபென்ஸைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். பக்கத்தில் புதுத் துளை. நம் பக்கமாக இழுக்க வேண்டிய நிலை என்றால், தகட்டை முதலிலேயே நடுவில் வைத்துக் கட்டையைக் கிளாம்ப் செய்துவிட்டு, அப்புறம் தகட்டை உருவிக்கொண்டு ஃபென்ஸைக் கட்டையோடு ஒட்டத் தள்ளினால் சரி.

மறுபடியும் ஐந்து வெட்டு. 400 மி.மீ. தூரத்துக்கு 0.05 மி.மீ.-க்குள் வந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம், நாற்காலிக்கும் அலமாரிக்கும் அதற்கு மேல் தேவையில்லை. நடுவில் இன்னும் சில ஸ்க்ரூ போட்டு உறுதிப்படுத்துங்கள், ஆனால் பிளேடு போகும் பாதையின் அருகே ஒன்றுகூட வரக் கூடாது.

விரலுக்கு ஒரு கட்டை

ஸ்லெட்டில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வெட்டு முடியும் நேரத்தில் பிளேடு நம் பக்க ஃபென்ஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், கட்டை விரல்கள் இயல்பாகப் போய் நிற்கும் இடத்தில். அந்த இடத்தில் 75 மி.மீ. தடிமனுக்கு ஒரு மரக்கட்டையை ஒட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். பிளேடு அந்தக் கட்டைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஸ்லெட் நகராதபடி மேசையிலும் ஸ்லெட்டின் அடியிலும் ஒரு தடுப்பு வைத்துவிட்டால் இன்னும் நல்லது. ஸ்லெட் போடும்போது பிளேடின் மேல் மூடியைக் கழற்ற வேண்டிவரும், ஆகவே இந்தக் கட்டையை அலங்காரமாக நினைக்காதீர்கள். பிளேடைத் தேவைக்கு மேல் உயர்த்தவும் வேண்டாம், பற்கள் மரத்தின் மேல்முகத்தைச் சற்றே தாண்டினால் போதும்.

ஸ்லெட்டின் அடியில் மெழுகுவர்த்தி தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். சிலிக்கான் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். அது மரத்தில் ஒட்டிக்கொண்டால் பின்னால் பாலிஷ் அடிக்கும்போது திட்டுத்திட்டாக நிற்கும்.

ஸ்லெட் தயாரானதும் அடுத்த ஜிக் தானாக வந்து சேரும். ஃபென்ஸில் ஒரு சின்னக் கட்டையைக் கிளாம்ப் போட்டால் அது ஸ்டாப் பிளாக், ஸ்டூலின் நான்கு கால்களும் ஒரே நீளத்தில் வரும். அந்தக் கட்டையின் அடி மூலையைச் சற்றுச் சீவிவிடுங்கள், மரத்தூள் அங்கே தங்கி அளவைக் கெடுக்காமல் இருக்கும். ஸ்லெட்டின் மேல் 45 டிகிரியில் இரண்டு பட்டைகள் வைத்தால் படச்சட்டத்துக்கானது. அந்த இரண்டும் தங்களுக்குள் சரியாக 90 டிகிரியில் இருந்தால் போதும். சட்டத்தின் ஒரு முனையை இடப்பக்கப் பட்டையிலும், அதோடு சேரும் முனையை வலப்பக்கப் பட்டையிலும் வைத்து அறுத்தால், ஒன்று 44.8 ஆக வந்தாலும் மற்றது 45.2 ஆகி மூலை மூடிக்கொள்ளும். கால்களைக் கீழே போகப்போக ஒடுக்குவதற்கான டேப்பர் ஜிக், பெட்டி மூலைகளைக் கோக்கும் பாக்ஸ் ஜாயின்ட் ஜிக் எல்லாம் இதற்கு அப்புறம் ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம்.

ஸ்லெட்டின் ஓரத்தில் ஐந்து வெட்டின் முடிவையும் தேதியையும் பென்சிலால் எழுதி வையுங்கள். மழைக்காலத்தில் ஓட்டப் பட்டைகள் சற்று ஊதி இறுகும். அப்போது அவசரப்பட்டு இழைத்துவிடாதீர்கள், வெயில் வந்ததும் அதே பட்டை தளர்ந்து ஆடத் தொடங்கிவிடும். மெழுகு தேய்த்துச் சமாளித்துவிட்டு, காற்று காய்ந்த பிறகு இன்னொரு ஐந்து வெட்டு வெட்டிப் பார்த்துப் புதுத் தேதியைப் பழையதன் கீழே எழுதுங்கள்.